எட்டு மாதத் தூசி

இரண்டே வரிதான். மென்பொருள் கோளாறுகளை விசாரிக்கும் இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே சின்ன அறிக்கை. 'வெளியிட்ட அக்கவுண்ட் சோதனைப் பொறியாளருடையது. வேறு யாரும் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.' தெரியவில்லை என்று எழுதினேன். தேடவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அக்கா அவசரம் என்றாள், நானும் அவசரப்பட்டேன். பெயரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அந்த இரண்டு வரிக்காக ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று வியாழன்.

"மேடம், லிஃப்ட் இல்லாத வீட்ல குற்றவாளி குடியிருக்கவே மாட்டான். தப்பிச்சு ஓடணும்னா மூச்சு வாங்கும் பாருங்க" என்றார் எனக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்த நொட்டையார்.

நொட்டையார் என் உதவியாளர். நசுங்கிப்போன கார்களைச் சுற்றிவந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இருபது வருடம் நொட்டை சொன்னவர். பட்டப்பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டு விளையாட்டு மட்டும்தான்.

"இப்ப நாம பார்க்கப் போறவ குற்றவாளின்னு எழுதினதே நான்தான்" என்றேன்.

"அது தெரிஞ்சுதான் சொன்னேன்."

விஷயம் இதுதான். என் அக்கா நடத்தும் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறது. அதில் 'அளவு' என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ், அதாவது நிரல் தொகுப்பு. நோயாளியின் வயதையும் எடையையும் கொடுத்தால், ஒரு மருந்து அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம் போகலாம் என்று சொல்லும். அதை ஓர் இடத்தில் எழுதி, கட்டி, சோதித்து, இணையத்திலுள்ள பொதுக் கிடங்கில் வெளியிட்டுவிட்டால் போதும். பதினோரு ஆஸ்பத்திரிகளின் திரைகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை மதியம் புதிய பதிப்பு வெளிவந்தது. முதியவர்களுக்கான ஒரு வலி மருந்தின் உச்ச அளவைப் பாதியாகக் குறைத்த பதிப்பு. அதுவரை அந்த மருந்தைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸுகள், புதுப் பதிப்பு எண்ணைப் பார்த்ததும் சரிபார்ப்பதை நிறுத்தினார்கள். ஆனால் எண்தான் புதிது. உள்ளே இருந்தது பழைய அளவு. அன்று சாயங்காலம் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவருக்கு இரண்டு மடங்கு மருந்து ஏறியது. நேற்றுதான் கண் திறந்தார். மருமகளை இன்னும் அடையாளம் தெரியவில்லை.

இன்று ஐந்து மணிக்கு என் முழு அறிக்கை அவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, அதனால்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சொந்த அக்காவின் கம்பெனியை விசாரிக்க ஒப்புக்கொண்டதே தப்பு. அறிக்கையோடு இந்தப் பெண்ணின் வேலைநீக்கக் கடிதமும் போகும். அதற்கப்புறம் மருந்து சம்பந்தப்பட்ட எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது.

அவளே கதவைத் திறந்தாள். ஆபீஸில் அவளுக்குப் பெயர் பச்சை. திரையில் எல்லா டெஸ்ட்டும் பச்சையாகும்வரை எதையும் வெளியே விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே மூன்று இரவுகள் தெரிந்தன.

"உள்ள வாங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க, ப்ளீஸ்" என்றாள்.

ஏன் என்பது உள்ளறையிலிருந்து வந்த குரலில் புரிந்தது. "யாரும்மா அது? ஆபீஸ்காரங்களா?"

கட்டிலில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் கட்டு. வெள்ளிக்கிழமைதான் அறுவை சிகிச்சை.

"எவ்ளோ நல்ல கம்பெனி பாருங்க! எனக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னதும் இவளுக்கு ஒரு வாரம் லீவு குடுத்துட்டாங்க. உங்க மேலதிகாரி அம்மாகிட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். ஒரு கண்ணால் அது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

நொட்டையார் கதவைச் சற்றே சாத்திவிட்டு, சாப்பாட்டு மேஜைமேல் இருந்த லேப்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் பச்சையைப் பார்த்தேன்.

"போன வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க எல்லாருக்கும் அனுப்பின மெயிலை இன்னிக்குக் காலைலதான் படிச்சேன். 'ஒரு டெஸ்ட் சிவப்பா இருக்கு, நான் வர்ற வரைக்கும் யாரும் பப்ளிஷ் பண்ணாதீங்க'ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி எழுதினவங்களே மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தால உட்கார்ந்து பப்ளிஷ் பண்ணுவாங்களா?"

"பண்ணலைன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா?"

"என் பேர்லதான வந்திருக்கு." அவள் குரல் இறங்கியது. "மூணு நாளா யோசிச்சுப் பார்க்கறேன். அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் ஒரு மணி நேரம் என்ன பண்ணேன்னே ஞாபகமில்ல. போன்ல எதையாவது தட்டிட்டேனோன்னு... அந்தத் தாத்தாவை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல மேடம்."

செய்யாததைச் செய்துவிட்டோமோ என்று ஒருத்தி நம்பத் தொடங்கியிருந்தாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது என் இரண்டு வரி.

"பப்ளிஷ் பண்ண உங்க அக்கவுண்ட்டோட சாவி வேணுமில்ல? அது வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"டோக்கனா? ஆறு பேர்கிட்ட இருக்கு."

நொட்டையார் நிமிர்ந்தார். "எது, ஆறு பேரா? வீட்டுச் சாவியைத் தெருவுக்கே அடிச்சுக் குடுத்திருக்கீங்களேம்மா!"

"கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல கிடங்குல அக்கவுண்ட் திறந்தது நான். தனித்தனியா திறக்க யாருக்கும் நேரமில்ல, என் டோக்கனையே எல்லாரும் போட்டுக்கிட்டாங்க. யார் பப்ளிஷ் பண்ணாலும் என் பேர்தான் வரும். பழகிப்போச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "திங்கட்கிழமை நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்."

குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெளிவந்த பேக்கேஜைத் திறந்து காட்டுங்க" என்றேன்.

கிடங்கிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் எடுத்து அவிழ்த்தாள். கோப்புகளின் பட்டியல் வந்ததும் நொட்டையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் முட்டினார்.

"மேடம்! பிடிச்சுட்டேன். தேதியைப் பாருங்க. அக்டோபர் இருபத்தாறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சு. இந்தம்மா அப்பப் பிறக்கவே இல்ல. கேஸை மூடிட்டுச் சாப்பிடப் போலாம்."

பச்சைக்கு நான்கு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "அது எல்லா பேக்கேஜுக்கும் அதே தேதிதான் சார். பேக் பண்ற கருவி எல்லாக் கோப்பு மேலயும் அதைத்தான் குத்தும்."

"அப்ப இந்த ஊர்ல கடிகாரம் சாட்சி சொல்லாது."

"சொல்லாது" என்றேன். "உள்ள இருக்கற சரக்கு சொல்லும். பச்சை, எழுதின கோடுக்கும் வெளிய போற கோடுக்கும் நடுவுல என்ன நடக்கும்னு இவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"நாங்க எழுதறது ஒரு ஃபோல்டர்ல இருக்கும் சார். அதை அப்படியே அனுப்ப மாட்டோம். பில்ட்னு ஒண்ணு ஓட்டினா, எல்லாத்தையும் சுருக்கிக் கட்டி இன்னொரு ஃபோல்டர்ல வைக்கும். வெளிய போறது அந்தக் கட்டு மட்டும்தான். பப்ளிஷ்னு சொன்னதும் முதல்ல டெஸ்ட் ஓடும், பச்சையானா புதுசா பில்ட் ஆகும், அப்புறம்தான் வெளிய போகும். மூணையும் வரிசையா கோத்து வச்சிருக்கேன்."

"டெஸ்ட் சிவப்பானா?"

"அங்கயே நின்னுடும். 'எதையும் ஓட்டாம நேரா அனுப்பு'ன்னு ஒரு கட்டளை இருக்கு. அதைப் போட்டா டெஸ்ட்டையும் தாண்டிடும், பில்ட்டையும் தாண்டி..." அவள் நிறுத்தினாள். கை தானாக விசைப்பலகைக்குப் போனது. அவிழ்த்த கட்டைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது எப்படி இங்க இருக்கு?"

"என்னது?"

"இந்த ஃபங்ஷன், இந்தக் கோடு துண்டு. இதை நானே அழிச்சேன், எட்டு மாசம் முன்னாடி. இது வெள்ளிக்கிழமை கட்டினது இல்ல மேடம். எட்டு மாசத்துக்கு முந்தின கட்டு. புது கோடை இறக்கியிருக்காங்க, எண் மாறியிருக்கு, ஆனா பில்ட் பண்ணாம பழைய கட்டையே அனுப்பியிருக்காங்க."

"உங்க ஆபீஸ்ல தானா பில்ட் பண்ணி அனுப்பற மெஷின்ல இருந்து போயிருக்குமா?"

"சான்ஸே இல்ல. அது ஒவ்வொரு தடவையும் துடைச்ச தரைல இருந்துதான் ஆரம்பிக்கும். பழசு எதுவும் இருக்காது. இது யாரோ ஒருத்தரோட லேப்டாப்."

"உங்க லேப்டாப்?"

"நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பில்ட் பண்றவ. மத்த நாலு பேரும் தினமும் பண்ணுவாங்க. எட்டு மாசப் பழசு எங்க யார்கிட்டயும் இருக்க முடியாது."

நொட்டையார் நாற்காலியில் சாய்ந்தார். "ஷெட்ல நின்ன வண்டி மேடம். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கேன். ரொம்ப நாள் ஓட்டாத வண்டியை ஒரு அவசரத்துக்கு எடுப்பாங்க. டயர்ல காத்து இருக்கான்னு பார்க்க மாட்டாங்க. 'தினம் ஓட்டற வண்டிதான் சார்'னு நம்மகிட்ட சத்தியம் பண்ணுவாங்க. நான் வைப்பரைத் தூக்கிப் பார்ப்பேன். அடியில தூசி இருக்கும்." திரையை விரலால் தட்டினார். "இது எட்டு மாசத் தூசி. எட்டு மாசமா கோடே எழுதாத ஆள். ஆனா அதுக்கு முன்னாடி நல்லா எழுதின ஆள். சாவியும் வச்சிருக்கற ஆள்."

நாலு பேர் என்று அவள் சொன்னது என் காதில் நின்றது. அவளோடு ஐந்து. சாவி ஆறு பேரிடம். ஆறாவது யார் என்று நான் கேட்கவில்லை. 

"கட்டோட ஒரு வரைபடக் கோப்பு இருக்குமே" என்றேன். "எந்த வரி எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றது."

"இருக்கு. பழைய பில்ட்ல, கட்டின மெஷினோட ஃபோல்டர் பாதை முழுசும் அப்படியே பதிவாகும். அதை நான்தான் அப்புறம் சரிபண்ணேன்." அவள் திறந்தாள். நொட்டையார் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"ஹோம்... அப்புறம் வொர்க்... அப்புறம் சிட்டு. அப்புறம் அளவு. சிட்டு யாரும்மா, உங்க ஆபீஸ் பூனையா?"

"தெரியலையே சார். எங்க யாரோட ஃபோல்டர்லயும் அப்படி ஒரு பேர் இல்ல."

என் கை மேஜை விளிம்பைப் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"இந்தப் பக்கத்தை எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றேன். சாதாரணமாகச் சொல்ல முடிந்தது. அந்தத் திறமையை எப்போது கற்றுக்கொண்டேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

வாசலில் பச்சை கேட்டாள். "மேடம், அப்ப நான் இல்லதானே?"

"நீங்க இல்ல."

அவள் கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளிருந்து அம்மா, "போயிட்டாங்களா? குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் போன் அடித்தது. படிக்கட்டின் வெற்றுச் சுவர்களில் அக்காவின் குரல் ஸ்பீக்கர் போட்டது போல் கேட்டது.

"சிட்டு, எங்க இருக்க? அறிக்கை ரெடியா? மணி மூணே முக்கால் ஆச்சுடி."

"வந்துட்டே இருக்கேன்க்கா."

போனைப் பையில் போட்டேன். நொட்டையார் ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கோடு எழுதுவதை விட்டு அக்கா இயக்குநர் நாற்காலிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது என்று அவருக்கும் தெரியும். அந்தப் பதவியேற்பு விழாவில் கேக் நன்றாயில்லை என்று நொட்டை சொன்னவர் அவர்தான்.

கார் கதவைத் திறந்தபோது கேட்டார். "மேடம், வேகமா ஓட்டட்டுமா, மெதுவா ஓட்டட்டுமா?"

"எப்பவும் போல ஓட்டுங்க."

வழியில் அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அறிக்கையை மடியில் வைத்து எழுதினேன். முதல் பக்கத்தின் முதல் வாக்கியம்: 'திங்கட்கிழமை நான் கொடுத்த குறிப்பு தவறு. விசாரிக்காமல் எழுதியது.' அதை எழுதி முடிக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று.

அக்காவின் அறை கண்ணாடிச் சுவர் கொண்டது. வெளியே நாற்பது பேர் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

"ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு? மத்தியானம் சாப்பிட்டியா?"

"உன் பழைய லேப்டாப் எங்கக்கா?"

"எதுக்கு?"

"அதுல என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கா?"

தோளிலிருந்த கை உடனே விலகவில்லை. கனம் மட்டும் மாறியது. அவள் போய் உட்கார்ந்தாள். கீழ் இழுப்பறையை ஒரு கணம் பார்த்தாள், திறக்கவில்லை.

"நீ காலேஜ் படிச்சப்ப ஒரே ரூம்ல இருந்தோமே" என்றாள். "நீ தூங்குவ, நான் உன் கால்மாட்டுல உட்கார்ந்து அளவு எழுதுவேன். உன் பேர் வச்சு ஆரம்பிச்சா ஓடும்னு ஒரு இது. அது இவ்ளோ நாளா அங்கேயே இருந்துச்சா?"

"பேக்கேஜ்ல இருக்கு. பதினோரு ஆஸ்பத்திரியிலயும் இருக்கு."

அவள் நெற்றியைத் தேய்த்தாள். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க அஞ்சு தடவை போன் பண்ணிட்டாங்க. பச்சை லீவு. சிவப்பா இருந்தது சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட், சிட்டு. எனக்குத் தெரியாதா? நான் எழுதின பேக்கேஜ். டெஸ்ட்டை மட்டும்தான் தாண்டினேன்னு நினைச்சேன். பில்ட்டையும் அவ அதோட சேர்த்துக் கோத்திருக்கான்னு நான் பார்க்கல. பில்ட்னு ஒரே ஒரு கட்டளை. அதை அடிச்சிருந்தா எல்லாம் சரியா போயிருக்கும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

அவள் மேஜைமேலிருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தாள்.

"அக்கா, எப்பத் தெரிஞ்சுது?"

"சனிக்கிழமை காலைல."

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை என் இரண்டு வரியைப் படித்துவிட்டு, 'நீ வந்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு' என்றாள். என் அவசரத்தை அவள் நன்றாக அறிவாள். கால்மாட்டில் உட்கார்ந்து வளர்த்தவள் ஆயிற்றே.

"தினம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போறேன்" என்றாள். "உள்ள போக முடியல. அந்த மருமகப் பொண்ணு வெளிய பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பா. பார்த்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்காது. ஆனாலும் அழட்டும் என்றே ஒரு நிமிடம் காத்திருந்தேன்.

பிறகு அவள் இயக்குநரானாள். குரலைத் தாழ்த்தி, தெளிவாகப் பேசினாள்.

"கேளு. பச்சையை நாளைக்கே திரும்ப எடுத்துக்கறேன். மன்னிப்பும் கேட்கறேன். பதவி உயர்வு குடுக்கறேன். நீ அவ இல்லைன்னு எழுது, அது உண்மைதானே? சாவி ஆறு பேர்கிட்ட இருந்துச்சு, யாருன்னு உறுதியா சொல்ல முடியலைன்னு எழுது. அதுவும் பாதி உண்மைதான். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல. வெளிய பாரு, நாற்பது குடும்பம். என் பேர் போச்சுன்னா இதெல்லாம் போச்சு."

பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால், ஓரமாக, பச்சையின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் திரைமேல் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள். லிஃப்ட் அருகே நொட்டையார் சுவரைப் பார்த்து நின்றார்.

"அந்தத் தாத்தாவுக்கு ஞாபகம் வந்தா, எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்பாரில்ல?" என்றேன்.

"சிட்டு."

"யாருக்கும் தெரியலைன்னு சொல்லச் சொல்றியா?"

"எனக்காகடி. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் உண்மை. எனக்கு ஜுரம் வந்தால் பரீட்சைக்குப் போகாமல் இருந்தவள். என் பெயரை வைத்து ஆரம்பித்தால் ஓடும் என்று நம்பியவள். இவளுக்காக ஒரு வாக்கியத்தை மாற்றுவது எனக்குக் கஷ்டமே இல்லை. திங்கட்கிழமை இரண்டு வாக்கியம் எழுதினேனே, கை நடுங்கவா செய்தது?

நான் மேஜைமேல் வைத்திருந்த அறிக்கையை அவள் புரட்டினாள். பாதை அச்சடித்த பக்கத்தில் நின்றாள். அதை மட்டும் மெல்ல உருவி, தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் அப்படியே போகட்டும். இந்த ஒரு பக்கம் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும். சரியா?"

மணி நாலு ஐம்பது. நான் கையை நீட்டி அந்தத் தாளை எடுத்தேன். அவள் விரல் அதன் ஓரத்தில் ஒரு நொடி தங்கியது, பிறகு விட்டது. மூன்றாவது பக்கத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அதைச் செருகி, மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டி ஓரங்களைச் சமப்படுத்தினேன்.

"இது நாலாம் பக்கம்க்கா" என்றேன்.